பழைய அயர்ன் செட், புது ஆட்டக்காரன்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளராகக் காலம் தள்ளுகிறவனுக்கு நாற்பது வயதை ஒட்டி இரத்த அழுத்த மாத்திரையும் கோல்ஃப் அழைப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மாத்திரையை அரசாங்க மருத்துவமனை கொடுத்துவிடுகிறது. கோல்ஃபுக்கு நாம்தான் கைக்காசைப் போட வேண்டும். பொருள் சப்ளை செய்கிறவர், ஜப்பானிலிருந்து வந்து போகும் மேலாளர், புதிதாகப் பதவி உயர்ந்த பக்கத்துப் பிரிவுக்காரர் என்று எல்லாரும் சனிக்கிழமை காலையில் ஏதோ ஒரு புல்வெளியில் இருக்கிறார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாதி முடிவுகள் அங்கேயே எடுத்தாயிற்று என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு எழுத வந்தது அயர்ன் மட்டைகளைப் பற்றி, அதாவது உலோகத் தலையில் எண் போட்டுச் செட்டாக வரும் கோல்ஃப் மட்டைகளைப் பற்றி. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணமும் போக மிஞ்சுகிற பணத்தில் விளையாட நினைப்பவர் பழைய செட் ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது? தெரிந்தவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும்போதே "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் தொடங்குகிறார்கள். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பிராண்ட் கிடக்கட்டும், முதலில் ஷாஃப்ட்டைப் பாருங்கள் என்கிறேன். தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தண்டைத்தான் சொல்கிறேன். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எத்தனை மட்டைகள் வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. இத்தனையாவது இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அயர்னில் எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 6 முதல் 9 வரை, கூடவே கிட்டத்து அடிகளுக்கு ஒரு பிட்சிங் வெட்ஜ், மணல் குழிக்கு ஒரு சாண்ட் வெட்ஜ் இருந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். 5-ஆம் எண் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காகத் தேடி அலைய வேண்டாம். அந்தத் தூரத்துக்கு, தடித்த தலையுள்ள ஹைபிரிட் மட்டை பல மடங்கு எளிது.

புதுச் செட் ஒன்று சுமார் மூவாயிரம் வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி நம் மூச்சு நிற்கும் வரை ஏறும். பதினைந்து வருடப் பழைய ஜப்பானியச் செட்டை நானூறு முதல் எண்ணூறு வெள்ளிக்குள் பார்த்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கும் பழைய சாமான்களை விற்கும் கடைகள், இணையத்தில் தனியார் போடும் விளம்பரங்கள், கோல்ஃப் கிளப்பின் அறிவிப்புப் பலகை என்று தேட இடங்கள் நிறைய உண்டு. சிட்டி ஸ்டேடியத்தின் பக்கத்தில் கூடும் லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும் ஓட்டைக் கெட்டிலுக்கும் பழைய நாணயத்துக்கும் நடுவே சில நாள் ஒற்றை மட்டைகள் கிடக்கும். அங்கே செட்டாக எதிர்பார்க்க வேண்டாம். ஒற்றை வெட்ஜ், அல்லது பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்று என்றால் போய்ப் பார்க்கலாம்.

மட்டையின் தலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பின்புறம் வழுவழுப்பாக, மெல்லிய கத்திபோல் இருப்பது பிளேடு. பின்புறம் குழிவாகவும் ஓரங்கள் தடிப்பாகவும் இருப்பது கேவிட்டி பேக். நமக்கு இரண்டாவதுதான். கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒரு பொறியாளர் இருந்தார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பட்டர் கைக்கு வராத எரிச்சலில், எடையை நடுவில் குவிக்காமல் இரு முனைகளுக்கும் தள்ளி வைத்து 1959-இல் தானே ஒன்றைச் செய்தார். பந்தில் பட்டதும் எழுந்த ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். பிங் நிறுவனம் அப்படிப் பிறந்தது. அதே கணக்கை அயர்னுக்கும் கொண்டுபோனார்கள். 1982-இல் வந்த பிங் ஐ-2 செட்டை இன்றும் பையில் வைத்திருக்கும் கிழவர்கள் உண்டு. எடை ஓரத்துக்குப் போனால், பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் முனைப் பக்கம் பட்டாலும் மட்டை கையில் அதிகம் முறுகாது, தூரமும் அவ்வளவாகக் குறையாது. தொடங்குகிறவன் பத்தில் எட்டை நடுவில் படாமல்தான் அடிக்கிறான் என்பதால் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அந்தக் குழிவான வடிவத்தை எளிதாக வார்த்தெடுக்க முடிந்ததற்குக் காரணம் மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சு ஏற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் நடராசரை வார்ப்பதும் இந்தத் தத்துவத்தில்தான். எங்கள் மாமாவிடம் இதைச் சொன்னபோது, கோயில் விஷயத்தைக் கோல்ஃபோடு சேர்த்துப் பேசாதே என்று ஒரு முறை முறைத்தார்.

ஆகவே குழிவான முதுகு, அகலமான அடிப்பாகம், இந்த இரண்டும் இருந்தால் போதும். அடிப்பாகம் ஏன் அகலமாக இருக்க வேண்டும் என்பதை மழை பெய்த மறுநாள் பினாங்கில் விளையாடிப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மெல்லிய அடிப்பாகம் ஈர மண்ணில் மண்வெட்டியாய்ப் புதைந்துவிடும். அகலமானது வழுக்கிக்கொண்டு போய்விடும். பிங் ஜி வரிசை, கேலவே எக்ஸ் வரிசை, டெய்லர்மேட் பர்னர், ஜப்பானின் ஸெக்ஸியோ, பிரிட்ஜ்ஸ்டோன் ஜப்பானுக்கென்று விற்ற டூர்ஸ்டேஜ் என்று எதை எடுத்தாலும் 2000-க்குப் பிறகு தொடக்கக்காரர்களை நினைத்துச் செய்த தலைகள் எல்லாமே நம் ஆட்டத்துக்குத் தேவையானதைவிட நல்லவை. இவற்றில் எது சிறந்தது என்று இரவெல்லாம் காணொளி பார்ப்பது நேரத்துக்குப் பிடித்த கேடு.

இனி ஷாஃப்ட். எஃகு ஷாஃப்ட் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும், எடையில்தான் வேறுபாடு. அமெரிக்கச் செட்டுகளில் நிறையக் காணக் கிடைக்கும் டைனமிக் கோல்ட் ஷாஃப்ட் ஒன்று ஏறக்குறைய 130 கிராம் எடையிருக்கும். ஜப்பானின் நிப்பான் ஷாஃப்ட் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த என்.எஸ்.புரோ 950 நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். எஃகுக்குப் பதில் கரிநாரில் செய்யும் கிராஃபைட் ஷாஃப்ட் அதையும்விட லேசு. முப்பது கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பயிற்சித் திடலில் ஒரு கூடை நிறையப் பந்துகளை அடிக்கும் வரை எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது கூடையின் பாதியில், கனமான மட்டை வைத்திருப்பவரின் தோள் முதலில் இறங்கும், பிறகு மட்டை பந்துக்குப் பின்னால் தரையில் இடிக்கும். அந்தப் பயிற்சித் திடலின் (டிரைவிங் ரேஞ்ச்) விரிப்பு இந்தத் தவறை மறைத்துப் பந்தைப் போகவிட்டுவிடும். முழங்கை மறைக்காது, ராத்திரி சொல்லிவிடும்.

எடைக்கு அடுத்தது வளைவு. ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் சிறு பட்டையில் ஆர், எஸ்.ஆர், எஸ் என்று எழுத்து இருக்கும். ஆர் சற்று வளையும், எஸ் விறைப்பு, எஸ்.ஆர் இரண்டுக்கும் நடுவே. இந்த எழுத்துகளுக்கு உலகப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ்-ஐ ஒட்டி இருக்கலாம். ஜப்பான் சந்தைக்குச் செய்த ஆர் பெரும்பாலும் அமெரிக்க ஆர்-ஐவிட இளகியே இருக்கும். 7-ஆம் எண் அயர்னில் பந்து 150 கஜம் பறக்காதவருக்கு எஸ் எதற்கு என்பது கடைக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. தொடங்கும் காலத்தில் அந்த 150 கஜத்தை நம்மில் மிகச் சிலர்தான் எட்டுகிறோம். ஆனால் ஆர் வாங்கு என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். ஜிம்முக்குப் போகிறவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேரன், பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்தவர் என்று எல்லாரும் தங்களை எஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்து சின்னது, அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் மீசை பெரியது. விறைத்த கனமான ஷாஃப்ட்டை மெதுவான கையில் கொடுத்தால் பந்து தாழ்வாக வலப்பக்கம் ஓடும். உடனே ஆசிரியரைக் குறை சொல்வோம், பிறகு மிக நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் புதிதாக வாங்குவோம்.

இங்கேதான் நம் ஊர்க்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மலேசியாவுக்கு வந்து சேரும் ஜப்பானியப் பழைய செட்டுகளில் கணிசமானவை ஓய்வு பெறும் வயதில் இருந்த ஆட்டக்காரர்களுக்கென்று லேசான, இளகிய ஷாஃப்ட்டோடு விற்கப்பட்டவை. புதிதாகப் பழகுகிற உடம்புக்கு அதுதான் பொருந்தும். இளைஞர்கள் அதைத் தாத்தா செட் என்று ஒதுக்குவதால், நான் பார்த்தவரையில் விலையும் இறங்கிக் கிடக்கிறது. அடுத்தவர் கௌரவம் பார்க்கிறார், நமக்கு இருநூறு வெள்ளி மிச்சமாகிறது.

அலுவலகத்தில் ஒரு பெண் பொறியாளருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண் என்றதும் எல்லாரும் அவரைப் பெண்கள் செட் இருக்கும் பக்கமே தள்ளிவிட்டார்கள். அவர் என்னைவிட உயரம். பெண்கள் மட்டை சுமார் ஒரு அங்குலம் குட்டை. குனிந்து குனிந்து முதுகு வலி கண்டவர், பிறகு ஆண்களுக்கான லேசான கிராஃபைட் செட் ஒன்றை எடுத்தார். இப்போது எங்கள் பிரிவில் அவர் அடிப்பதுதான் நேராகப் போகிறது. இடக்கைக்காரர்களுக்குத்தான் என்னிடம் நல்ல செய்தி இல்லை. கிடைப்பது அரிது. கிடைத்தால் ஷாஃப்ட் ஓரளவு ஒத்துப்போனாலே எடுத்துக்கொள்ளுங்கள்.

மட்டையைக் கையில் எடுத்துச் சோதிக்கும் கலை எங்கள் மாமாவிடம் வந்தது. சிறு வயதில் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் திடலில் துரைமார்களுக்குப் பை தூக்கியவர். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் உடைந்த மட்டையை ஒட்டி வைத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் அடித்துப் பழகினார்களாம். ராமையா, குணசேகரன் என்று நம் பிள்ளைகள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பத்திரிகையில் வந்த காலத்தில், அந்தச் செய்திகளை வெட்டி மாமா கதவில் ஒட்டியிருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் செட் விற்பதாக விளம்பரம் பார்த்து நான் கிளம்பியபோது தானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டார்.

விற்கிறவர் ஓய்வு பெற்ற சீனர், மரியாதையான மனிதர். மட்டைகளைத் துடைத்து முன்வாசல் தரைக்கல்லின் மேல் அடுக்கி வைத்திருந்தார். நான் நேராகத் தலைகளைப் பார்த்தேன். மாமா பையின் வாயைப் பார்த்தார். மட்டைகள் காரின் பின்பெட்டியிலேயே குடியிருந்தனவா, வீட்டுக்குள் இருந்தனவா என்பது பையின் நிறம் வெளுத்திருப்பதில் தெரியுமாம். நம் வெயிலில் பின்பெட்டி அடுப்பாகக் கொதிக்கும், தலையை ஷாஃப்ட்டோடு பிடித்து வைத்திருக்கும் பசை அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, தலையை ஒரு கையாலும் ஷாஃப்ட்டை மறு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தார், காதருகே ஆட்டிக் கேட்டார். தலை ஷாஃப்ட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வளையத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பார்த்தார். ஷாஃப்ட்டைத் தரைக்கல்லில் மெல்ல உருட்டினார். வளைந்திருந்தால் தலை துள்ளும்.

7-ஆம் எண்ணைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். முகத்தின் கோடுகளுக்கு நடுவே ஐம்பது சென் நாணய அளவுக்குப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. அது நடுவில் இல்லை, ஷாஃப்ட்டை ஒட்டி உள்பக்கம் தள்ளி இருந்தது. 5-இல் தேய்வே இல்லை. "இவரும் நம்மைப் போலத்தான் மாப்பிள்ளை, 5-ஐ எடுக்கப் பயந்திருக்கிறார்" என்று தமிழில் சொல்லிவிட்டு, விற்கிறவரைப் பார்த்து மலாயில் செட் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்த 8-ஐக் கொண்டுபோய் 9-க்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வை."

"எதற்கு மாமா?"

"வை, சொல்கிறேன். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட அரை அங்குலம் நீளமாக ஏற வேண்டும். இது ஏறுகிறதா?"

ஏறவில்லை. 8-உம் 9-உம் ஒரே உயரத்தில் நின்றன. பட்டையைப் படித்தால் மற்றவற்றில் 950 என்றும் 8-இல் வேறு ஏதோ பெயரும் இருந்தது. எப்போதோ உடைந்து, கிடைத்த ஷாஃப்ட்டைப் போட்டு, அதையும் கூடுதலாக வெட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாது. அவரும் யாரிடமோ வாங்கியதுதான். விலையைக் குறைக்க முன்வந்தார். நான் சபலப்பட்டேன். மாமா தேநீர் மட்டும் குடித்துவிட்டு என்னைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். செட்டாக வாங்கும்போது எல்லாப் பட்டைகளிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு நான் வாங்கிய டூர்ஸ்டேஜ் வி300 செட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த நிமிடத்தைச் செலவழித்துவிட்டேன்.

எஃகு ஷாஃப்ட்டில் கழுத்துப் பகுதியில் துருப் புள்ளிகள் இருந்தால் விரலால் தடவுங்கள். மேல் துரு என்றால் துடைத்தால் போகும். சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம், பினாங்கின் உப்புக் காற்றுக்கு அது இன்னும் வேகமாகப் பெருகும். கிராஃபைட்டில் துருவுக்குப் பதில் கீறல். பையின் விளிம்பு உரசும் இடத்தில் வண்ணம் மட்டும் போயிருக்கிறதா, உள்ளே நார் தெரிகிறதா என்று பாருங்கள். நார் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தலை பறந்துபோய்ப் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும்.

எண்களின் ஏமாற்று ஒன்று உண்டு, அது சில பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல நடந்தது. 1980-களில் 7-ஆம் எண்ணின் முகம் 35 பாகைக்கு மேல் சாய்ந்திருப்பது சாதாரணம். இன்று தூரத்தை விளம்பரம் செய்யும் செட்டுகளில் அதே எண் 30-க்கும் கீழே வந்துவிட்டது. அதாவது பழைய 5-ஐ எடுத்து 7 என்று எழுதி, பார்த்தீர்களா எவ்வளவு தூரம் போகிறது என்கிறார்கள். ஆகவே நண்பரின் புது 7 உங்கள் பழைய 7-ஐவிடத் தள்ளிப் போனால் மனம் உடைய வேண்டாம். சாய்வு அதிகமான பழைய தலை பந்தை எளிதாக மேலே தூக்கும், தொடக்கத்தில் நமக்கு வேண்டியது அதுதான். பல பழைய செட்டுகளின் பிட்சிங் வெட்ஜ் 46 முதல் 48 பாகை வரை இருக்கும், அதற்கு அடுத்து 56 பாகை சாண்ட் வெட்ஜ் ஒன்று வாங்கினால் இடைவெளி பொறுக்கும்படி இருக்கும். புதிய வகையில் பிட்சிங்கே 43, 44 என்று நிற்கும். நடுவில் இன்னொரு வெட்ஜுக்குச் செலவு வந்து சேரும். விலை கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

மட்டை உங்கள் உயரத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று. பந்தில் மார்க்கர் பேனாவால் தடித்த கோடு ஒன்று போட்டு, கோடு செங்குத்தாக மட்டையைப் பார்த்து நிற்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் கோட்டின் தடம் பதியும். தடம் நேராக நின்றால் சரி. சாய்ந்திருந்தால் மட்டை தரையில் உட்காரும் கோணம் உங்களுக்குப் பொருந்தவில்லை. பிங் மட்டைகளில் இதற்காகவே வண்ணப் புள்ளி வைத்திருக்கிறார்கள். கறுப்பு நடுத்தரம், சிவப்பு படுத்தது, நீலம் நிமிர்ந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் பயப்பட வேண்டாம். நிறையத் தள்ளினால் வேறு செட் பாருங்கள்.

போலி மட்டைகள் நம் பக்கத்தில் தாராளம். ஆனால் போலி செய்கிறவன் பெரும்பாலும் அந்தந்த ஆண்டுப் புது மாடலைத்தான் செய்வான். பதினைந்து வருடப் பழைய தாத்தா செட்டைப் போலி செய்து அவனுக்கு என்ன லாபம்? பளபளக்கும் புது மாடல் பாதி விலைக்குக் கிடைத்தால் மட்டும் கழுத்தில் தொடர் எண் இருக்கிறதா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள்.

கடைசியாக கிரிப், அதாவது கைப்பிடியின் ரப்பர் உறை. இதைக் கணக்கில் சேர்க்காதவர்தான் அதிகம். பழைய ரப்பர் நம் வியர்வையிலும் வெயிலிலும் காய்ந்து கண்ணாடிபோல் வழுக்கும். வழுக்கினால் கை இறுகும், கை இறுகினால் எந்த ஷாஃப்ட்டும் உதவாது. கடையில் மாற்ற ஒன்றுக்கு முப்பது, நாற்பது வெள்ளி ஆகும். ஆறு மட்டைக்கு என்ன ஆகும் என்று மனத்தில் போட்டு, அதை விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள். வீட்டிலேயே மாற்றலாம். இருபுறமும் ஒட்டும் நாடா, கொஞ்சம் டர்பன்டைன், பழைய ரப்பரை அறுக்க ஒரு வளைந்த கத்தி போதும். கிராஃபைட் என்றால் கத்தியை ஷாஃப்ட்டில் படவிடாதீர்கள். புது கிரிப்பைச் செருகியதும் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள்.

என் செட்டோடு 3-ஆம், 4-ஆம் எண் மட்டைகளையும் விற்றவர் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. வலக்கை, 950 ஷாஃப்ட், ஆர், கிரிப் மட்டும் காய்ந்துவிட்டது. தீவில் இருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் கூரியர் செலவு உங்களுடையது.